கண் மூடிய ஒன்பது நிமிடம்

மூன்றாவது மாடியில் எனக்கு ஆகவே ஆகாத வேலை ஒன்று உண்டு. தரையில் ஒட்டின கலர் டேப்பைச் சுரண்டுவது. நான் துப்புரவு வேலை பார்க்கும் கல்லூரியின் மூன்றாவது மாடியில் டிஜிட்டல் கலை, வீடியோ கலை, நிகழ்த்துகலை என்று மூன்றும் சொல்லித்தருகிறார்கள். எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த இடத்தில் விழ வேண்டும் என்று பிள்ளைகள் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வார்கள். நின்று, விழுந்து, கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். டேப்பைப் பிய்த்தாலும் பசை போகாது. மறுநாள் அதில் தூசி அப்பி, தரை முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பெருக்கல் குறி. பிளேடும் கையுமாக நான் முட்டி போட்டால், முட்டி திரும்ப எழுந்திருக்க மறுக்கும்.

ஒரு வருடம் அந்தக் கறுப்புக் குறிகள் திடீரென்று காணாமல் போயின. நல்ல டேப்பாக வாங்க ஆரம்பித்துவிட்டார்கள் போல என்று நினைத்து, முகம் தெரியாத அந்த டேப் கம்பெனிக்காரர்களுக்காக ஒரு வாரம் பிரார்த்தனைகூடச் செய்தேன். அப்புறம் ஒரு மத்தியானம், மறந்து வைத்த வாளியை எடுக்க இரண்டாம் நம்பர் அறைக்குத் திரும்பிப் போனேன். உள்ளே ஒரு பெண் முட்டி போட்டு, கைக்குட்டையை எண்ணெயில் நனைத்துப் பசையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒட்டியது மட்டுமில்லை, வகுப்பே ஒட்டியது. நான் அவள் கண்ணில் படாமல் பின்வாங்கிவிட்டேன். அவள் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. டேப் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த பிரார்த்தனையை மட்டும் அவள் பக்கம் திருப்பிவிட்டேன்.

மாடியில் எல்லோரும் அவளை ‘ஒயர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் மாலை மாதிரி எப்போதும் ஒரு கேபிள் சுருள் தொங்கும். இருபத்திரண்டு வயது. தலைமுடியைத் தானே கத்தரித்துக்கொள்வாள். ஒரு பக்கம் காதுக்கு மேலே நிற்கும், மறுபக்கம் காதுக்குக் கீழே.

“ஏன்டி இந்தக் கோலம்?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“கண்ணாடியைப் பாத்து வெட்டினேன்க்கா. எந்தக் கை எந்தப் பக்கம்னு குழம்பிடுச்சு.”

“கண்ணாடியில கை மாறுறவ, கேமராவுல என்னத்தடி எடுக்கப்போறே?”

“அதுதான்க்கா என் படிப்பே!” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் அப்பா வேறு ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மகள் எதைப் படிக்கிறாள் என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. முதல் வருடம் டிஜிட்டல் பாடத்துக்கு அவள் செய்த வேலை இது: அப்பாவின் போட்டோவை அவர் மெஷினிலேயே ஜெராக்ஸ் எடுத்து, அந்தக் காப்பியைக் காப்பி எடுத்து, அதையும் காப்பி எடுத்து, இப்படியே நூறு தடவை. நூறையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வரிசையாக ஓடவிட்டாள். முதலில் முழு மனுஷன் இருப்பார். போகப்போகக் கன்னம் போகும், மூக்கு போகும், கடைசியில் மூக்குக்கண்ணாடியும் மீசையும் மட்டும் வெள்ளையில் மிதக்கும். அப்பாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அவர் முழுசாகப் பார்த்துவிட்டு, “மெஷின்ல டோனர் கம்மியா இருந்திருக்கு” என்றாராம்.

நான் படித்தது ஐந்தாவது வரை. இந்தக் கலைகளெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளுடைய நோட்டால்தான். கடைசி வருடத்தில் பிள்ளைகள் ஒரு நோட்டு எழுதித்தர வேண்டும். ‘டிஜிட்டல், வீடியோ, நிகழ்த்துகலை பற்றி என் எண்ணங்கள்’ என்று தலைப்பு. ஐம்பது பக்கம். ஒயர் அதை எழுத எழுத, டீ நேரத்தில் படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டுவாள்.

“நீங்க கொட்டாவி விட்டா அந்த வரி தேறலைன்னு அர்த்தம்க்கா. மறைக்காம விடணும்.”

நான் மறைக்கவில்லை. காலை நாலரைக்கு எழுந்திருக்கிறவள் கொட்டாவிக்குப் பஞ்சம் வைப்பேனா? விடும்போதெல்லாம் அவள் ஓரத்தில் ‘கொ’ என்று சின்னதாக ஓர் எழுத்துப் போட்டுக்கொள்வாள். சில பக்கங்களில் அது மழைத்தூறல் மாதிரி இருக்கும்.

டிஜிட்டல் பற்றி எழுதியிருந்தாள்: ‘இதில் அசல் என்று ஒன்று கிடையாது. முதல் காப்பியும் ஆயிரமாவது காப்பியும் ஒன்றே. என் அப்பாவின் கடையைவிட இது மோசம். அங்கேயாவது மங்கும்.’ அந்த இடத்தில் எனக்குக் கொட்டாவி வரவில்லை.

வீடியோ பற்றி எழுதும் முன்னால், எங்கள் நடைபாதையில் ஒரு கேமராவை நிறுத்தி ஒரு பகல் முழுக்க ஓடவிட்டாள். அதைத் திரையில் போட்டபோது என்னையும் கூப்பிட்டாள். பார்த்தால், பாதிக்குமேல் நான்தான். வாளியோடு இந்தப் பக்கம் போகிறேன், அந்தப் பக்கம் வருகிறேன். இடையில் ஒரு புறா நடக்கிறது. புறா என்னைவிட நன்றாக நடந்தது.

‘கேமரா எல்லாவற்றையும் பார்க்கும், எதையும் கவனிக்காது’ என்று அன்றைக்கு எழுதி வாசித்தாள்.

“அப்போ நம்ம ஸ்டோர்காரர் மாதிரி” என்றேன்.

ஸ்டோர்காரர் அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தார். மாடியின் கேமரா, விளக்கு, கேபிள் எல்லாம் அவர் பொறுப்பு. “ஏம்மா, நான் கவனிக்காமலா ரெண்டு பேரும் இங்க அரை மணி நேரமா டீ குடிக்கிறீங்கன்னு தெரியும்?” என்றார். ஒயர் அந்த வரியை அடித்தாள். பிறகு யோசித்து மறுபடியும் எழுதிக்கொண்டாள்.

நிகழ்த்துகலைதான் அவளுக்கு வினை. செய்யும்போது இருக்கும், செய்து முடித்ததும் இல்லாமல் போய்விடும், அதுதான் அந்தக் கலை என்கிறார்கள். எதிரே பார்க்க ஆள் இருந்தால்தான் அது கலை என்று அவளும் நோட்டில் எழுதியிருந்தாள். முந்தைய வருடம் அவள் அந்தப் பாடத்தில் தோற்றிருந்தாள். தனக்கு வந்த போன் செய்திகளையெல்லாம் ஒரு மூலையில் நின்று சத்தமாக வாசித்தாள். ஓரத்தில் கேமராவை ஓடவிட்டிருந்தாள். துறைத் தலைவர் பார்த்துவிட்டு, “நீ எங்களுக்குச் செய்யல. அந்த டப்பாவுக்குத்தான் செஞ்சே. இது வீடியோ” என்று சொல்லிப் பெயிலாக்கிவிட்டார். இந்த முறையும் தோற்றால் பட்டம் கிடையாது. அப்பா போனில் சொல்லிவிட்டார்: “இன்னொரு வருஷம் கிடையாது தாயி. வந்து மெஷின் பக்கத்துல நில்லு. அங்க ஒரு ஆள் வேணும்.” அவளுக்கோ வேறொரு ஊரில், நாடக மேடைகளுக்குத் திரையில் படம் ஓட்டும் குழுவில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பட்டச் சான்றிதழோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

“செஞ்சு முடிச்சதும் இல்லாம போயிடணும்க்கா. நீங்க தரை துடைக்கிற மாதிரி” என்றாள் ஒரு நாள்.

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. “உளறாதே. நான் துடைச்சா தரை சுத்தமா இருக்கும். நீ செஞ்சா என்ன மிஞ்சும்?”

அவள் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனாள். இரண்டு நாள் டீக்கும் வரவில்லை. மூன்றாம் நாள் ஸ்டோர்காரரிடம் போய், சிக்குப் பிடித்துப்போன கேபிள்களை அவர் போட்டுவைத்திருந்த சாக்கைக் கேட்டாள். எத்தனையோ வருடத்துச் சிக்கு. வேண்டும்போதெல்லாம் புதுசு வாங்கிக்கொண்டு பழையதை அந்தச் சாக்கில் திணிப்பது அங்கே வழக்கம்.

“அதைப் பிரிச்சாத்தான் தூக்கி எறியவே முடியும். அந்த நிலைமையில இருக்கு” என்றார் அவர்.

அதுதான் அவளுடைய நிகழ்ச்சி. தாளில் இப்படி எழுதிக் கொடுத்தாள்: ‘காலை பத்து முதல் இரண்டு வரை. சாக்கில் உள்ள அத்தனை ஒயரையும் தனித்தனியாகப் பிரிப்பேன். விரல் மட்டும். கத்தரிக்கோல் இல்லை. பிறர் உதவி இல்லை.’

இந்தப் பாடத்தில் அவர்களுக்கு ஒரு முறை உண்டு. கேமரா வைக்கக் கூடாது, போன்களை வாசலில் கூடையில் போட்டுவிட வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு சாட்சி. வாத்தியார், மாணவர், சொந்தக்காரர் யாரும் ஆகாது. ஆரம்பம் முதல் முடிவு வரை உட்கார்ந்து பார்த்து, பார்த்ததைத் தன் கைப்பட எழுதித்தர வேண்டும். அந்தச் சாட்சித் தாள் இல்லாமல் மார்க் இல்லை. மற்ற பிள்ளைகள் காவலாளியையும் கேன்டீன்காரரையும் பிடித்தார்கள். ஒயர் என்னைக் கேட்டாள்.

“எனக்கு எழுத்து பெருசு பெருசா வரும்டி.”

“தாள் நிறைய இருக்குக்கா.”

அன்றைக்கு என் வேலைகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, பத்துக்கு முன்னால் ஒன்றாம் நம்பர் அறையில் போய் உட்கார்ந்தேன். வெள்ளைச் சுவர், ஒரு கடிகாரம், எனக்கு ஒரு நாற்காலி. அவள் சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கறுப்பும் சாம்பலும் மஞ்சளுமாக ஒரு பெரிய பாம்புக் குவியல் தரையில் விழுந்தது.

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. முதல் அரை மணி நேரம் என் கைதான் துடித்தது, போய் ஒரு நுனியைப் பிடித்து இழுத்துவிடலாமா என்று. அவள் அவசரப்படவில்லை. ஒரு நுனியைக் கண்டுபிடிப்பாள், அது எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடர்வாள், தளர்த்துவாள், உருவுவாள், சுருட்டிச் சுவரோரம் வைப்பாள். நடுநடுவே ஒயரிடம் பேசுவாள். “வா, வா. உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க.” “நீ எங்க நடுவுல வந்தே?” வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள், கொஞ்ச நேரத்தில் நழுவினார்கள். ஸ்டோர்காரர் எட்டிப்பார்த்து, “இதுக்கு மார்க்கா? இருபது வருஷமா பண்றேன், எனக்கு டாக்டர் பட்டமே தரணும்” என்று முணுமுணுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த அறைக் கதவு திறந்தாலும் மூடினாலும் கிரீச்சென்று ஊருக்கே கேட்கும். எண்ணெய் போடச் சொல்லி மூன்று மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றே கால் வாக்கில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு வந்தது. ஏழெட்டு ஒயர் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எது தலை எது வால் என்று தெரியாமல் இறுகிப் போயிருந்தது. முக்கால் மணி நேரம் போராடினாள். அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். ஒரு நகம் உடைந்தது. கண்ணில் நீர் முட்டுகிற மாதிரி இருந்தது. இது அவிழாவிட்டால் மீதியெல்லாம் அவிழ்ந்தும் பிரயோசனமில்லை.

இங்கேதான் என் தப்பு. நான் பல வருடங்களாகப் பன்னிரண்டு மணிக்கு, எங்கே எந்த வேலையில் இருந்தாலும், கண்ணை மூடிக் கடவுளை நினைப்பேன். அன்றைக்குக் கண் திறந்தபடியே பிரார்த்தனை செய்துவிடலாம் என்று முதல் நாளே முடிவெடுத்திருந்தேன். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் முள் பன்னிரண்டைத் தொட்டதும், பழகின இமை என்னைக் கேட்காமலே மூடிக்கொண்டது. மூடியதும் நான் சாட்சி என்பதே மறந்துபோனது. வழக்கமாகக் கேட்பதெல்லாம் கேட்டேன். கடைசியில், ‘அந்தப் பெண் மடியில இருக்கிற சிக்கலை நீர்தான் அவிழ்க்கணும்’ என்று வேண்டிக்கொண்டு கண்ணைத் திறந்தேன்.

மணி பன்னிரண்டு ஒன்பது. மடியில் முடிச்சு இல்லை. ஏழெட்டு ஒயரும் தனித்தனியாக அவள் முன்னால் வரிசையாகக் கிடந்தன. அவள் கையை உதறிக்கொண்டிருந்தாள்.

கடவுளே, வேண்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் பார்த்திருப்பேனே என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி ஒயரைச் சுருட்டி வைத்தாள். மொத்தம் நாற்பத்தொன்று. சாட்சித் தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

“முழுசா பாத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கக்கா, போதும்.”

“முழுசா பாக்கல கண்ணு.”

“என்னது?”

சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது.

“அக்கா, ஒன்பதே நிமிஷம்.”

“ஆமாம், ஒன்பதே நிமிஷம். ஆனா அதுலதானே அந்த முடிச்சு அவிழ்ந்துச்சு?”

“நான் கத்தரிக்கோலா வச்சேன்? உங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்லையா?”

“நம்பிக்கை நிறைய இருக்கு. ‘நம்பினேன்’னு வேணா எழுதறேன். ‘பாத்தேன்’னு எப்படி எழுதுவேன்? பாக்காததைப் பாத்தேன்னு எழுதிட்டு நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கண்ணை மூடுவேன்?”

“நீங்க மூடின கண்ணாலதான் நான் ஜெராக்ஸ் கடைக்குப் போகப்போறேன்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனாள். கதவு கிரீச்சென்றது. இந்தப் பெண்ணின் வாழ்க்கை என் இமையில் வந்து நிற்கிறதே என்று நினைத்தபடி அந்தத் தாளோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“சரி, எழுதுங்க. ஆனா அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்துல எழுதுங்கக்கா.”

எனக்குச் சின்ன எழுத்து வராது. எழுதினேன்: ‘பன்னிரண்டு மணியிலிருந்து பன்னிரண்டு ஒன்பது வரை என் கண் மூடியிருந்தது. அப்போது நடந்ததைப் பார்க்கவில்லை. காது திறந்திருந்தது. கேட்டதை எழுதுகிறேன்.’ அப்படி எழுத ஆரம்பித்த பிறகுதான், கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தாள் போதாமல் இரண்டாவது தாள் வாங்கினேன்.

மறுநாள் துறைத் தலைவர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். என் தாள்கள் அவர் கையில் இருந்தன.

“கதவு சத்தம் கேக்கலைன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாம் சார். அந்தக் கதவைச் சத்தமில்லாம திறக்க யாராலயும் முடியாது. எண்ணெய் போடச் சொல்லி மூணு மாசமா சொல்றேன். அதனால யாரும் உள்ள வந்து உதவி பண்ணல.”

“கத்தரிக்கோல் சத்தமும் கேக்கல.”

“இல்லை சார். நகம் கீறுற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தடவை பெருமூச்சு. அப்புறம் ஒரு தடவை, ‘போடா எருமை’ன்னு.”

“யாரை?”

“ஒயரைத்தான் சார்” என்றாள் ஒயர் தலையைக் குனிந்துகொண்டு.

அவர் சிரிக்கவில்லை. மேஜையில் இருந்த மற்ற சாட்சித் தாள்களை விசிறி மாதிரி விரித்தார். “பதினோரு தாள் வந்திருக்கு. பத்துலயும் ஒரே வரி. ‘முழுவதும் பார்த்தேன், மிகவும் நன்றாக இருந்தது.’ காவலாளி குறட்டை விட்டதை நானே பாத்தேன். அவரும் முழுவதும் பார்த்திருக்கார்.” என் தாள்களைத் தனியாக எடுத்து வைத்தார். “நான் நம்பக்கூடியது இது ஒண்ணுதான்.”

பிறகு ஒயரின் நோட்டைத் திறந்தார். “இந்த ஓரத்துல அங்கங்க ‘கொ’, ‘கொ’ன்னு இருக்கே, என்ன அது?”

“அக்கா கொட்டாவி விட்ட இடம் சார்.”

எனக்கு அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது. அவர் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார். “சரியாத்தான் இருக்கு. நானும் அதே இடத்துலதான் விட்டேன்.”

தேறுவதற்கு நாற்பது வேண்டும். நாற்பத்திரண்டு போட்டார். “வேலை சுமார்தான். சாட்சி நல்லா இருக்கு” என்றார். அவள் வெளியே வந்து நடைபாதையில் என்னைப் பிடித்துச் சுற்றின சுற்றில் வாளி கவிழ்ந்தது. துடைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

சான்றிதழ் வாங்கும் நாளில் அவள் அப்பா வந்திருந்தார். போட்டோவில் பார்த்த அதே மீசை, அதே கண்ணாடி, இந்தத் தடவை நடுவில் மூஞ்சியும் இருந்தது.

“எங்கம்மா நீ செஞ்சது? காட்டு, பாப்போம்.”

“அது முடிஞ்சு போச்சுப்பா. இப்ப இல்ல.”

அவர் என்னைப் பார்த்தார். ஸ்டோரில் வரிசையாக மாட்டியிருந்த நாற்பத்தொரு கேபிளைக் காட்டினேன். தலையாட்டினார். அவ்வளவாக மனசு நிறையவில்லை என்று தெரிந்தது. ஒயர் ஓடிப்போய் அலுவலகத்தில் கேட்டு என் சாட்சித் தாள்களை வாங்கி வந்து கொடுத்தாள். நின்றபடியே இரண்டு தாளையும் வாசித்தார். ‘போடா எருமை’ வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தானாம், பேப்பர் மாட்டிக்கொண்டால் மெஷினையும் அப்படித்தான் திட்டுவாளாம்.

“இதை ஒரு காப்பி எடுத்துக்கட்டுமா?” என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டார். “நல்ல கறுப்பு மையில எழுதியிருக்கீங்க. பளிச்சுனு விழும்.”

ஒயர் வேலைக்குப் புறப்பட்ட நாளில் பேருந்து நிறுத்தம் வரை கூடப் போனேன். தோளில் பை, கழுத்தில் கேபிள். தலைமுடி அன்றைக்கும் ஏற்றத்தாழ்வாகத்தான் இருந்தது. நேரத்துக்குச் சாப்பிடு, தெரியாத இடத்தில் யாரையும் எருமை என்று சொல்லாதே, ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கடவுளை நினை என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். பேருந்து வந்துவிட்டது. இத்தனை நாள் வாயில் நின்ற கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

“அது சரி, அந்த ஒன்பது நிமிஷத்துல என்னதான்டி பண்ணே?”

படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“எனக்கே சரியா ஞாபகம் இல்லக்கா. நீங்க கண்ணை மூடினதை அப்பவே பாத்துட்டுத் தெரியாத மாதிரி இருந்துட்டேன். ‘அப்பாடா, யாரும் பாக்கல’ன்னு இருந்துச்சு. அப்புறம்தான் கையே ஓடுச்சு. இதைப் போய் சார்கிட்ட சொல்லிடாதீங்க, நோட்டை முதல்ல இருந்து எழுதச் சொல்லிடுவார்.”